அணைச்சாச்சு

அந்தக் காலத்துப் பிள்ளைகள் இரும்பு மாதிரி இருந்தார்கள் என்று பரவலாக ஒரு நம்பிக்கை உண்டு. இது தவறு. அந்தக் காலத்துப் பிள்ளைகளும் எலும்பு, சதை, நிறைய உப்புத் தண்ணீர் ஆகியவற்றால்தான் ஆனவர்கள். மின்சாரம் அவர்களுக்குள்ளும் தாராளமாகப் பாயும்.

இந்த உண்மை நம் கதையின் தம்பிக்காரருக்கு எட்டவில்லை. வயது அறுபத்திரண்டு. ஓய்வு பெற்ற நில அளவையாளர். நிலத்தை மட்டும்தான் அளந்து பழக்கம், பேச்சை அல்ல.

அம்மா காலமாகி, வீட்டைக் காலி செய்கிற நாள். அவரும், அவருடைய மகளும், அவரைவிட நான்கு வயது மூத்த அக்காவுமாகப் பரணில் இருந்ததையெல்லாம் கூடத்தில் இறக்கியிருந்தார்கள். அக்கா தையற்கடை வைத்திருப்பவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

ஒவ்வொரு சாமானுக்கும் தம்பிக்காரரிடம் ஒரு கதை இருந்தது. கூண்டு இல்லாத டேபிள் ஃபேன். கம்பிச்சுருள் சிவக்கச் சிவக்க எரிந்த கரண்ட் அடுப்பு. பிளக்கெல்லாம் கிடையாது, இரண்டு வயரையும் ஓட்டையில் சொருகி, தீக்குச்சியைக் குத்தி இறுக்கினால் முடிந்தது வேலை. கரண்ட் வருகிறதா என்று அவருடைய அப்பா புறங்கையால் தொட்டுத்தான் பார்ப்பாராம்.

இப்போது மகள் வீட்டில் பிளக் பாயிண்டுக்கெல்லாம் மூடி, மேசை முனைக்கெல்லாம் ரப்பர். இவள் பிள்ளை வளர்க்கிறாளா, பார்சல் கட்டுகிறாளா என்று அவருக்குச் சந்தேகம்.

அப்போதுதான் அந்த ஹீட்டர் ராடு கிடைத்தது. வாளித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு வெந்நீர் போடுவது. சுருள் முழுக்கச் செம்பு.

மகள் வீட்டு கீசர் கெட்டுப்போய் நாலு நாளாகிறது. இதை எடுத்துக்கொண்டு போ என்றார். பையன் கையை விட்டுவிடுவான் என்று மகள் தயங்கினாள். பையனுக்கு மூன்று வயது முடிய இன்னும் ஒரு மாதம் இருந்தது.

"அஞ்சு வயசுல சுவிட்ச் உத்தியோகம் என்னுதும்மா. நான் 'அணைச்சாச்சு'ன்னு கத்தினாத்தான் வாளி நகரும். எங்களுக்கு என்ன ஆயிடுச்சு? வீட்டுக்கு வந்து நானே மாட்டித் தரேன்."

அக்கா எழுந்தார். பையிலிருந்த பெரிய கத்தரிக்கோலை எடுத்து, ராடின் வயரை அடியோடு நறுக்கினார். சுருளைத் தரையில் போட்டு, சாமான்களுக்கு நடுவே கிடந்த சுத்தியலால் நான்கு போடு போட்டார்.

தம்பிக்காரர் கத்த ஆரம்பித்தார். அம்மாவின் கடைசி ஞாபகத்தை உடைத்துவிட்டாய் என்றார். சின்ன வயதிலிருந்தே என்னைக் கண்டால் உனக்கு ஆகாது என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"உனக்கு ஒரு பிள்ளை இருந்திருந்தா தெரியும், பிள்ளை வளர்க்கிறதுன்னா என்னன்னு. இனிமே என் வீட்டு வாசப்படி ஏறாதே."

காரில் போய் உட்கார்ந்துகொண்டார்.

மகளுக்கும் கோபம்தான். "என்ன அத்தை இது? வேண்டாம்னு வாயால சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னா ஏன்னு கேப்பான்." அக்கா சுத்தியலைக் கீழே வைத்தார். "உங்கப்பாவுக்கு ஒரு தம்பி இருந்தான். சொல்லியிருக்கானா?"

"ம். மூணு வயசுல காய்ச்சல்ல போயிட்டாருன்னு."

"அப்படித்தான் அவன்கிட்ட சொன்னோம்."

மகள் உட்கார்ந்தாள்.

"தண்ணி சூடாயிடுச்சான்னு விரலை விட்டுப் பார்க்கிறது சின்னவன் உத்தியோகம். இவன் 'அணைச்சாச்சு'ன்னு சொன்னதும் விடணும். அன்னைக்கு இவன் பட்டம் ஒட்டிட்டிருந்தான். எழுந்திருக்காமலே சொல்லிட்டான்."

அன்றைக்கே பட்டம் ஒட்டியவனைப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் விட்டார்களாம். காய்ச்சல் என்று அம்மா சொன்னாராம். ஒன்பது வயது அக்காவும் அதையே சொன்னாராம். அன்றிலிருந்து அதையே சொல்லி வந்தாராம்.

மகள் தரையில் நசுங்கிக் கிடந்த செம்புச் சுருளைப் பார்த்தாள். "இது அதே ராடா அத்தை?"

"இல்ல. அதைத் தூக்கிப் போட்டாச்சு. இது அடுத்த குளிருக்கு வாங்கினது. வெந்நீர் வேணுமே."

வெளியே ஹாரன் ஒலித்தது.

"அப்பாகிட்ட சொல்லிடலாம் அத்தை. உங்களை என்னவெல்லாம் பேசிட்டுப் போறாரு."

"பேசட்டும். பேசுற வரைக்கும் அவனுக்குத் தெரியலைன்னு அர்த்தம்."

ஹாரன் மறுபடி ஒலித்தது. அக்கா விளக்குமாற்றை எடுத்துக்கொண்டார்.

அடுத்த மாதம் தம்பிக்காரர் வீட்டில் நடந்த பேரனின் பிறந்தநாளுக்கு அக்காவைத் தவிர எல்லோரும் வந்திருந்தார்கள். அக்கா என்றால் எப்படி இருக்கக் கூடாது என்பதைத் தம்பிக்காரர் ஒவ்வொருவரிடமும் விவரமாகச் சொன்னார். மகள் குனிந்து கேக்கைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள்.