எதிரே வந்தவன்

"சங்கிலியைப் பிடிச்சிக்கோடி, பேச்சை அப்புறம் பேசலாம்!" என்று கத்தினேன். போர்கில்ட் காதில் விழுந்தால்தானே.

காற்று அப்படி அடித்தது. வலது பக்கம் பாறை, அதில் பிடித்துக்கொண்டு நடக்க அடித்துவைத்த சங்கிலி. இடது பக்கம் ஒன்றுமில்லை, எங்கேயோ கீழே கடல்.

வயதான காலத்தில் எங்களுக்கு இந்தப் பாதை தேவையா? ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் மகன் ஐவின்ட் இந்த வழியாகத்தான் நடக்க வருகிறானாம். யாரோ சொல்லித் தொலைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து என் உயிரை வாங்கிவிட்டாள்.

அவன் அவளோடு பேசி ஆறு வருடமாகிறது.

கல்யாண விருந்தில் பேச எழுந்தாள். மாப்பிள்ளையின் அம்மா இல்லையா, கரண்டியால் கண்ணாடிக் கோப்பையைத் தட்டினாள், எல்லோரும் அமைதியானார்கள். "ரன்டிதான் எங்க வீட்டுக்கு மருமகளா வருவான்னு நாங்க எல்லாரும் நெனச்சிட்டிருந்தோம். பரவாயில்ல" என்றாள். ரன்டி அவனுடைய பழைய சிநேகிதி. பக்கத்தில் வெள்ளை உடுப்பில் உட்கார்ந்திருந்தவள் வேறொருத்தி.

மன்னிப்புக் கேட்டுத் தொலை என்று நான் அன்றைக்கே சொன்னேன். "நான் என்ன பொய்யா சொன்னேன்?" என்றாள். அந்த வாய்க்கு நன்றாக வேண்டும்.

பேத்தி பிறந்தாள். ஒரு போட்டோகூட வரவில்லை. போனை எடுக்க மாட்டான், வாசலில் போய் நின்றால் கதவைத் திறக்க மாட்டான்.

"வழியில எதிர்ப்பட்டா ஹெய் சொல்லித்தானேடி ஆகணும்" என்றாள் காரில் வரும்போது. "அந்த ஒரு ஹெய் போதும் எனக்கு. அதைச் சொல்லிட்டான்னா மிச்சமும் தானா வந்துடும்."

அவள் போட்ட கணக்கில் தப்பில்லை. நாங்கள் அப்படிப்பட்ட ஜனங்கள். ஊருக்குள் யாரும் பக்கத்தில் உட்காராதபடி பேருந்து இருக்கையில் பையை வைத்துக்கொள்வோம். அடுத்த வீட்டுக்காரர் எதிரே வந்தால் குனிந்து சாவியைத் தேடுவோம். ஆனால் மலையிலோ கடலோரப் பாதையிலோ எதிரே வருகிறவருக்கு ஹெய் சொல்லாமல் போகிறவன் நார்வேயில் இன்னும் பிறக்கவில்லை. ஜென்ம விரோதியே வந்தாலும் சொல்லிவிட்டுத்தான் தாண்டுவோம்.

வளைவில் அவர்கள் வந்தார்கள்.

முன்னால் ஒரு சின்னப் பெண், இடுப்பில் கயிறு கட்டியிருந்தது. கயிற்றின் மறுமுனை ஐவின்ட் கையில்.

போர்கில்ட் பாறையோடு ஒட்டி நின்று வழிவிட்டாள். தன் முகம் தெரியட்டும் என்று குல்லாவைக் கழற்றினாள். நரைமுடி பறந்து அந்த முகத்தையே மூடியது. பைத்தியக்காரி, ஒரு கையால் சங்கிலியையும் ஒரு கையால் முடியையும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஹெய்!" என்று கத்தினாள் குழந்தை.

ஐவின்ட் நிமிர்ந்து பார்த்தான். நன்றாகவே பார்த்தான்.

"ஹெய். பாத்துப் போங்க, அந்தப் பக்கம் வழுக்குது" என்றான் சிரித்த முகத்தோடு. அவளைத் தாண்டி வந்துவிட்டான்.

போர்கில்ட் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அப்படியொரு சந்தோஷத்தை அந்த முகத்தில் பார்த்து எத்தனை காலமாயிற்று! அங்கே நிற்க இடமில்லை. அகலமான இடத்தைப் பார்த்து மெல்ல நகர்ந்தாள்.

அடுத்தது நான். என்னிடம் நின்றான்.

"தூரிட் அத்தை, இனிமே அவங்களை இங்க கூட்டிட்டு வராதீங்க."

"உங்கம்மாடா அவ. நின்னு ஒரு வார்த்தை பேசினா என்ன கொறஞ்சிடும்?"

"ஹெய் சொன்னேனே" என்றான். கோபமாகக்கூட இல்லை. கோபப்பட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.

குழந்தை கயிற்றை இழுத்தாள். "அப்பா, இவங்களை உனக்குத் தெரியுமா?"

"தெரியும் கண்ணு. தூரிட் அத்தை."

"முன்னாடி போனாங்களே, அந்தப் பாட்டி?"

"அவங்க சும்மா நடக்க வந்தவங்க."

போய்விட்டார்கள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

போர்கில்ட் புல்லில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மூக்கு சிவந்திருந்தது.

"உன்கிட்ட நின்னு பேசினானே, என்னடி சொன்னான்? என்னைப் பத்திக் கேட்டானா?"

என் வாய் சும்மா இருக்காது, அது ஊருக்கே தெரியும். பட்டென்று போட்டு உடைப்பதுதான் என் வழக்கம்.

"வழுக்குதுன்னு சொன்னான்" என்றேன்.

"எங்கிட்டயும் அதையேதான் சொன்னான்! அம்மா எங்க விழுந்துடுவாளோன்னு எவ்வளவு பயம் பாரு அவனுக்கு."

பையைத் திறந்து ஒரு குட்டிக் குல்லாவை எடுத்தாள். நீலக் கம்பளி நூல். கையால் பின்னியது.

"அளவு தெரியாம குத்துமதிப்பாப் போட்டேன். இப்பத்தானே தலையைப் பாத்தேன், அவளுக்கு இது பத்தாது."

அங்கேயே உட்கார்ந்து பிரிக்க ஆரம்பித்தாள். நூலின் நுனியை என்னிடம் நீட்டினாள். காற்றில் பறந்துவிடாமல் நான் அதை விரலில் சுற்றிக்கொண்டே வந்தேன்.

"அடுத்த ஞாயித்துக்கிழமைக்குள்ள முடிச்சிடுவேன்" என்றாள்.