மயில் காலேஜ்

"மயில் காலேஜ் மட்டும் வேணாம் பாப்பா. அதக் கடைசில தள்ளிடு."

ஜெனிபர் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டை ஒட்டிய கம்ப்யூட்டர் சென்டர். அதை நடத்தும் பாரதியக்கா மவுஸில் கை வைத்தபடி காத்திருந்தாள்.

"எத்தினி வாட்டிதான் மேல ஏத்தி கீழ எறக்கறது அய்யா? இன்னிக்குத்தான் கடைசி நாளு. லாக் பண்ணிட்டா அப்பறம் கடவுளே வந்தாலும் மாத்த முடியாது."

ஜெனிபர் சித்த மருத்துவம் படித்து முடித்தவள். பொது மருத்துவத்தில் எம்.டி. சேர, ஆன்லைன் கவுன்சலிங்கில் கல்லூரிகளை வரிசைப்படுத்திப் பதிய வேண்டும். அவள் ரேங்குக்கு மூன்று கல்லூரிகளில் இடம் கிடைக்கலாம். எதை முதலில் போடுகிறாளோ, அநேகமாக அதுதான் கிடைக்கும்.

நெட்டில் பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலவே இருந்தன. பச்சைப் புல்வெளி, சிரிக்கும் மாணவிகள். அங்கே படிப்பவர்களுக்குப் போன் போட்டு விசாரிக்கவோ அவளுக்குக் கூச்சம். அதனால் அப்பா இன்னாசி களத்தில் இறங்கினார்.

"பொண்ணு குடுக்கற வூட்டப் போய்ப் பாக்காமயா குடுப்பாங்க?"

அவர்கள் ஊரான வடக்கனந்தல் பக்கம் அதுதான் வழக்கம். மாப்பிள்ளை ஊருக்குச் சொல்லாமல் போய், டீக்கடையில் உட்கார்ந்து, நாலு பேர் வாயைக் கிளறிவிட்டு வருவார்கள். இன்னாசி அதற்கும் ஒரு படி மேலே போனார். மரவள்ளிக் காட்டை மனைவி ரீத்தாவின் தலையில் கட்டிவிட்டு, கல்லூரி ஆஸ்பத்திரிகளுக்கே போய், முட்டிவலி என்று சீட்டு வாங்கி, நோயாளிகளோடு நோயாளியாக வரிசையில் உட்கார்ந்தார்.

"நொண்டிக்கினே உள்ள போறேன். உன்னாட்டம் படிக்கிற பொண்ணு ஒண்ணு, 'எந்தக் கால்ங்க அய்யா'ன்னுச்சு. பயத்துல ரெண்டு காலயும் காட்டிட்டேன்."

முதல் கல்லூரிக்குப் போய்வந்து அவர் இதைச் சொன்னபோது ரீத்தா சிரித்துச் சிரித்துப் புரையேறிப் போனாள். அங்கே கொடுத்த தைலம் அவள் இடுப்புக்கு ஆயிற்று.

கல்லூரிகளின் பெயர் அவர் வாயில் நுழையவில்லை. அங்கங்கே கண்ணில் பட்டதை வைத்து லிஃப்ட் காலேஜ், புளியமரத்துக் காலேஜ், மயில் காலேஜ் என்றுதான் சொல்வார்.

லிஃப்ட் காலேஜில் பெரிய டாக்டர் நோயாளிகள் எதிரிலேயே மாணவிகளைத் திட்டுகிறாராம். புளியமரத்துக் காலேஜில் கூட்டமே இல்லையாம். "நோவாளியே வராத எடத்துல நீ இன்னாத்தக் கத்துக்குவ?"

மயில் காலேஜுக்கு மட்டும் ஒரு தடவை பார்த்தது போதாது என்று மறுபடி மறுபடி போனார். அங்கே பேராசிரியை கட்டிலோரம் உட்கார்ந்து நாடி பார்க்கச் சொல்லித் தருகிறாராம். மாணவிக்குப் பிடிபடவில்லை என்றால் திட்டுவதில்லையாம். 'இன்னொரு தரம் தொட்டுப் பாரும்மா, நான் இருக்கேன்' என்பாராம். இதைச் சொல்லும்போது அவர் குரலே மாறிவிடும்.

அப்படிப்பட்டவர் இப்போது வேண்டாம் என்கிறார்.

"நீதானப்பா அந்தம்மாவ அவ்ளோ புகழ்ந்த? இப்ப இன்னா திடீர்னு?"

"தூரம் பாப்பா."

"லிஃப்ட் காலேஜ் அதவிடத் தூரம்."

"தண்ணி உப்பு."

"கேன் தண்ணி வாங்கிக்கறேன்."

"மயிலு ராவெல்லாம் கத்திக்கினே கெடக்குது. தூங்கவே வுடாது."

பாரதியக்காவால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "இன்னாங்க அய்யா, மயிலுக்குப் பயந்துக்கினா பொண்ணு படிப்பக் கெடுப்பீங்க? எங்க வூட்டுக்காரரு வுடற கொறட்டையில நான் தூங்கல?"

இன்னாசி சிரிக்கவில்லை.

ஜெனிபர் குனிந்து தன் விரல்களைப் பார்த்தாள். அப்பாவை எதிர்த்து அவள் பேசியதே இல்லை.

"அப்பா, இவ்ளோ படிச்சும் ஒருத்தர் கையப் புடிச்சா எனக்குச் சந்தேகமாவே இருக்குது. தப்பாச் சொல்லிடுவனோன்னு பயம். திட்டற எடத்துக்குப் போனா நான் வாயே தொறக்க மாட்டேன். உனக்குத் தெரியும். அந்தம்மாகிட்டதான் நான் கத்துக்க முடியும்."

அவள் பாரதியக்கா பக்கம் திரும்பினாள்.

"அக்கா, மயில் காலேஜ மொதல்ல போடுங்க."

பாரதியக்கா மவுஸை நகர்த்தினாள். இன்னாசி எட்டி அவள் கையைத் தடுத்தார். உடனே தப்பு செய்தவர்போல் தன் கையை இழுத்துக்கொண்டார்.

"கொஞ்சம் இருங்கம்மா..."

"இன்னாப்பா? என்னை வுட்டுட்டு இருக்க முடியாதுன்னா நேராச் சொல்லேன்."

"அதில்ல பாப்பா." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அங்க சேந்தா நீ எங்க நிப்ப? சீட்டு குடுக்கற எடத்துலயா?"

"இல்லப்பா. பொது மருத்துவம்னா வார்டுலதான் ஜாஸ்தி. படுத்துக்கினு இருக்கறவங்களப் பாக்கணும்."

"ஒவ்வொரு கட்டிலா வருவியா?"

"ஆமா."

"கையப் புடிச்சிப் பாப்பியா?"

"பாக்காம? அதுக்குத்தானப்பா போறேன்."

பாரதியக்கா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். இன்னாசி மகளைப் பார்க்காமல், ஜன்னலுக்கு வெளியே சேலம் பஸ்ஸில் முண்டியடித்து ஏறும் கூட்டத்தைப் பார்த்தபடி சொன்னார்.

"அந்த வார்டுல எனக்கு ஒரு கட்டில் சொல்லி வச்சிருக்கறாங்க பாப்பா. மத்த ரெண்டு எடத்துலதான் நான் நடிச்சேன்."