மறதி ராஜா

"மறுபடியும் மறந்துட்டீங்களா?"

பஞ்சுத் தாடியைத் தடவிக்கொண்டு மேடை நடுவில் நின்றான் கிழ ராஜா. தாடியைக் கழற்றினால் முப்பது வயதுகூட இருக்காது. மருந்துக்கடையில் வேலை.

"நாக்கு நுனியில நிக்குது டைரக்டர். எடுத்துக் குடுங்களேன்."

முதல் வரிசையிலிருந்து டைரக்டர் வசனத்தை எடுத்துக் கொடுத்தாள்.

"சரியாக் கேக்கலை. இன்னொரு தரம்?"

இன்னொரு தரமும் சொன்னாள். அப்புறம்தான் வண்டி நகர்ந்தது.

பல் ஆஸ்பத்திரியில் பகலெல்லாம் டோக்கன் கூப்பிட்டுவிட்டு வந்த தொண்டை அது. அதில் மிச்சமிருந்ததே கொஞ்சம்தான். பள்ளிக்கூடத்தில் நம்மையெல்லாம் படுத்தி எடுத்த அந்தப் பழைய இங்கிலீஷ்காரரின் நாடகத்தைத் தமிழில் போடுவோம் என்று கிளம்பியது அவளேதான். யாரை நொந்துகொள்வது?

கதை தெரிந்ததுதான். வாய் நிறையப் புகழாத கடைசி மகளை ராஜா துரத்திவிடுகிறான். நிஜமான பாசம் அவளுக்குத்தான் என்று பிறகு தெரிந்து அழுகிறான்.

ஆள் பஞ்சம், அதனால் ஆளுக்கு இரண்டு வேஷம். கோமாளியும் கடைசி மகளும் தையல்கடைப் பெண்ணேதான். மண்டபத்தைச் சீக்கிரம் பூட்ட வேண்டும் என்று மண்டபக்காரர் சொன்னதால், வேலைக்காரர்கள் வம்பளக்கும் காட்சியை டைரக்டர் போன மாதம் வெட்டிவிட்டாள். அதிலிருந்து நாடகம் கச்சிதமாக ஓடுகிறது, இவன் ஒருத்தனைத் தவிர.

மற்ற வசனமெல்லாம் அவனுக்குத் தண்ணி பட்ட பாடு. கோமாளி உள்ளே போனதும் ராஜா தனியாக நின்று புலம்ப வேண்டும். அந்த ஒரு இடத்தில் மட்டும் தினமும் கோட்டை விடுவான்.

"நாளன்னிக்கு நாடகம். அத்தனை பேர் முன்னாடி இப்படி நின்னா என் மானம் போயிடும்."

"கிழவன்தானே டைரக்டர்? தடுமாறினா நடிப்புன்னு நினைச்சுப்பாங்க."

அவளுக்குச் சுருக்கென்றது. தான் உயிரைக் கொடுத்துக்கொண்டிருக்க, இவனுக்கு விளையாட்டு.

"என்னால முடியல," என்றாள். கோபப்படக்கூடத் தெம்பில்லை. "கிரீடத்தை வக்கீல்கிட்ட குடுத்துடுங்க."

மந்திரி வேஷம் போடும் வக்கீலுக்கு மொத்த நாடகமும் மனப்பாடம்.

"ஏதாவது சொல்லணுமா?" என்று அவனைக் கேட்டாள்.

பக்கத் திரையை ஒரு தரம் திரும்பிப் பார்த்தான். "ஒண்ணுமில்ல டைரக்டர்."

கிரீடத்தைக் கொடுத்துவிட்டு, தாடியைப் பிய்யாமல் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு உள்ளே போனான். அவளுக்குப் பாரம் இறங்கியது போல இருந்தது. இறங்கியதை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

"கோமாளி சீன்லேர்ந்து போவோம்."

கோமாளி வந்தான், போனான். வக்கீல் மழையாகக் கொட்டினான். ஒரு சொல் பிசகவில்லை. எத்தனையோ நாளைக்குப் பிறகு டைரக்டர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினாள்.

"யாரங்கே வருவது? என் மகளா?" என்று முடித்தான் வக்கீல்.

யாரும் வரவில்லை.

"என் மகளா?" என்று திரும்பக் கேட்டான். மகளைக் காணோம்.

டைரக்டர் எழுந்து திரைக்குப் பின்னால் போனாள். தையல்கடைப் பெண்ணின் ஒரு கை கோமாளிச் சட்டையில், ஒரு கை வெள்ளை கவுனில். முகம் அழுகிற மாதிரி இருந்தது. அவள் முதுகுப்பக்கம் குந்தி உட்கார்ந்து, அவசர அவசரமாகக் கொக்கி மாட்டிக்கொண்டிருந்தான் பழைய ராஜா.

"இன்னும் டிரஸ் மாத்தலையா?"

"வேலைக்காரங்க சீன்லதான் அக்கா நான் மாத்துவேன். அதைத்தான் வெட்டிட்டீங்களே. இவர் அங்க நின்னு மறந்துக்கிட்டே இருந்தா, அதுக்குள்ள போட்டுக்கிட்டு வந்துடுவேன்."

டைரக்டரும் குனிந்து ஒரு கொக்கியைப் பிடித்தாள். "ஏன் என்கிட்ட சொல்லலை?"

"சொல்லக் கிளம்பினேன். இவர்தான் விடலை."

அவன் கொக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வெட்டின அன்னிக்குத்தான் நீங்க கொஞ்சம் சிரிச்சீங்க. அது தப்புன்னு சொன்னா, மறுபடி தூக்கம் கெட்டு முதல்லேர்ந்து எழுதியிருப்பீங்க. எனக்கு மறதின்னே இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

மேடையிலிருந்து வக்கீல் குரல் கொடுத்தான். "டைரக்டர், மகள் வந்தாச்சா? ராஜா மன்னிப்புக் கேக்கற வசனத்தை ஆரம்பிக்கட்டுமா?"

"நீங்க இருங்க," என்றாள் அவள். "அதை முதல்ல நான் சொல்லணும்."