வெள்ளிக்கிழமை வாளி

மீனம்மா அக்கா இதை எனக்கு முதன்முதலில் சொன்னது, என் மூத்த மகள் கல்யாணத்துக்குப் பலகாரம் சுட உட்கார்ந்த அன்றைக்கு. அவர் முறுக்கு பிழிந்துகொண்டே சொன்னார். நான் கேட்டுக்கொண்டே ஓர் ஈடு முறுக்கைக் கருக்கிவிட்டேன்.

மலாயாவில் வெள்ளைக்காரன் கம்பி வேலி போட்ட காலம் அது. சுங்கை ரம்பாய்ப் பக்கத்துத் தோட்டத்து ஜனங்களை எல்லாம் வேலிக்குள்ளே கொண்டுவந்து குடிவைத்துவிட்டார்கள். அக்காவின் வீடும் உள்ளே வந்தாயிற்று. மாட்டுக் கொட்டகையும் மரவள்ளிக் கொல்லையும் மட்டும் வெளியே நின்றுவிட்டன.

காலையில் கேட் திறந்ததும் அக்கா கழனித்தண்ணி வாளியோடு வரிசையில் நிற்க வேண்டும். காட்டில் ஒளிந்து சண்டை போடுகிற கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாதென்று சோதனை. ஒரு மணி அரிசி வேலியைத் தாண்டக் கூடாது. மத்தியானத்துக்கென்று கொஞ்சம் சோற்றை முந்தானையில் முடிந்துகொண்டு போன கருப்பாயியை லாரியில் ஏற்றிக்கொண்டு போனவர்கள், திருப்பிக் கொண்டுவந்து விடவே இல்லை. அவள் பிள்ளைகள் அக்கம்பக்கத்து வீடுகளில் சாப்பிட்டுக்கொண்டிருந்தன.

பெண்களைச் சோதிக்க ஜெயமேரி என்று ஒருத்தி. மலாக்கா டவுனிலிருந்து போலீஸ் லாரியில் வருவாள், அதிலேயே போய்விடுவாள். கழுத்தில் சிலுவை. யாரோடும் பேச்சு கிடையாது. அவள் பக்கத்திலேயே குச்சியோடு தங்கராஜு என்ற போலீஸ்காரர் நிற்பார்.

மற்ற நாளெல்லாம் ஜெயமேரி வாளிக்குள் கையை விட்டுத் துழாவி, "ம், போங்க" என்பாள். வெள்ளிக்கிழமை வந்தால் மட்டும் அவளுக்கு என்னவோ ஆகிவிடும்.

"சீ! என்ன நாத்தம்!" என்று வாளியைப் பிடுங்கி அப்படியே சாக்கடையில் கவிழ்த்துவிடுவாள்.

அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. வியாழக்கிழமை நாறாத கழனித்தண்ணி வெள்ளிக்கிழமை மட்டும் எப்படி நாறும்?

அதுவும் அக்கா குளித்து, விளக்கேற்றி, மகாலட்சுமியை நினைத்து மாட்டுக்கென்று ஒரு கைப்பிடி போட்டுக் கொண்டுவருகிற வாளி. வீட்டு வேலையில் எது தப்பினாலும் அது தப்பாது.

"அவ வேதக்காரி இல்ல?" என்றார் கணவர் காளிமுத்து. "நம்ம வெள்ளிக்கிழமை அவளுக்குப் புடிக்கல போல."

"அதெப்படிங்க? நெத்தியில துன்னூறு தினமும்தான் பூசிக்கிட்டுப் போறேன். அதுக்கு ஒண்ணும் சொல்லலியே?"

"அப்ப எனக்கும் தெரியலலா. போயி மாட்டையே கேளு."

மாடு என்ன சொல்லும்? வெள்ளிக்கிழமை தீனி இல்லாமல் கிடந்துவிட்டு, சனிக்கிழமை பாலை அடக்கிக்கொண்டு உதைத்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை அக்கா ஒரு முடிவோடு போனார். இன்றைக்கும் கவிழ்த்தால் மேலிடத்தில் சொல்லி அவள் வேலைக்கு உலை வைத்துவிடுவது. நினைத்தபடியே அன்று வெள்ளைக்கார இன்ஸ்பெக்டரே கேட்டில் நின்றுகொண்டிருந்தார். தங்கராஜு லீவாம்.

ஜெயமேரி வாளிக்குள் கையை விட்டாள். முகம் மாறியது. வாளியைப் பிடித்தாள். இந்தத் தடவை அக்காவும் விடவில்லை.

"விடுடி!"

"விடுங்கக்கா, சொல்றேன்ல!"

"வாயில்லா ஜீவன் வயித்துல அடிக்கிறியே, நீ வெளங்குவியா?"

இழுத்த இழுப்பில் வாளி காய்ந்த தரையில் கவிழ்ந்தது. எங்கிருந்தோ கோழிகள் ஓடிவந்தன.

"சூ! சூ!" என்று அக்கா கையை ஓங்கினார். ஜெயமேரி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வெரட்டாதீங்க. தின்னட்டும்."

"ஏண்டி, என் மாட்டுக்குள்ளதைக் கவுத்துட்டு ஊர்க்கோழிக்கு விருந்து வைக்கிறியா?"

"அப்பா ஹால்?" என்று, என்ன விஷயமென்று மலாயில் கேட்டபடி இன்ஸ்பெக்டர் நடந்து வந்தார்.

அக்கா புகார் சொல்ல மலாய் வார்த்தையைத் தேடினார். கோபத்தில் ஒன்றும் வரவில்லை.

"அக்கா," என்றாள் ஜெயமேரி, வாய்க்குள்ளேயே. "தங்கராஜுக்குத் தமிழ் தெரியும். அதனாலதான் இத்தனை வாரமா உங்ககிட்ட வாயத் தொறக்க முடியல. இவருக்குத் தெரியாது. கோழி என்ன கொத்துதுன்னு கொஞ்சம் குனிஞ்சு பாருங்க."

அக்கா குனிந்து பார்த்தார்.

அரிசி.

மகாலட்சுமிக்கென்று அவர் கையாலேயே போட்ட அந்தக் கைப்பிடி. சின்ன வயதிலிருந்து பழகிய கை. வெள்ளிக்கிழமையானால் தானாகவே அரிசிப் பானைக்குள் போய்விடும். அது மாட்டின் பங்கு. அதை அரிசி என்றே அவர் நினைத்ததில்லை.

கருப்பாயியை ஏற்றிப்போன லாரி கண்ணுக்குள் வந்து நின்றது.

இன்ஸ்பெக்டர் பக்கத்தில் வந்தபோது கோழிகள் முடித்துவிட்டிருந்தன. தரையில் ஈரம் மட்டும்தான்.

ஜெயமேரி அவரிடம் மலாயில் சொன்னாள். "என் தப்புதான் துவான். கை தவறி இவங்க மாட்டுத் தீனியைக் கொட்டிட்டேன்."

அத்தனை பேர் முன்னாலும் அவளுக்குத் திட்டு விழுந்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். "நல்லா வேணும்லா அவளுக்கு!" என்று வரிசையில் யாரோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள்.

மீனம்மா அக்கா மட்டும் காலி வாளியை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதார். மாட்டுத் தீனி போன துக்கம் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

நாளைக்கு வெள்ளிக்கிழமை. விளக்கேற்றும்போது ஜெயமேரி பேரையும் ஒரு தடவை சொல்லிவிடுங்கள்.