அணைக்காத கம்ப்யூட்டர்

நாற்காலி முதுகில் கம்பளிக் கோட்டு தொங்கியது. மேசைமேல் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஆளைத்தான் காணோம். ஆகஸ்ட் புழுக்கத்தில் கம்பளிக் கோட்டாம்! பந்தாவுக்கும் ஒரு அளவு வேண்டாமா என்று இன்ஷிராஹுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பதிவு ஆபீஸ் கதவு திறந்ததும் முதல் ஆளாக வந்து உட்கார்ந்தவள் அவள். நாளைக் காலை கெய்ரோவிலிருந்து குவைத்துக்கு விமானம். அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. இன்றைக்குப் பிறப்புச் சான்றிதழ் கைக்கு வராவிட்டால் அந்த வேலை வேறு எவளுக்கோ போய்விடும்.

பக்கத்து மேசை நவால் அம்மாள் முதலில் டீ குடித்தாள். பிறகு மொச்சை மசியல் வைத்த ஃபூல் சாண்ட்விச்சும் ஊறுகாயும். இப்போது செருப்பை மாட்டிக்கொண்டு தொழுகைக்குக் கிளம்பிவிட்டாள்.

"மேடம், என் சான்றிதழ்?"

"அட, பறக்காதேம்மா! மதிய லுஹர் தொழுகை முடியட்டும், ஆயிடும். உன் வேலை அந்த கம்ப்யூட்டர்லதான். பொறந்தவங்க கணக்கெல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு."

டீக்காரர் ஷஹாத்தா கிளாஸ் பொறுக்க வந்தார். போகிற போக்கில் மவுஸை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுப் போனார். மங்கியிருந்த திரை பளிச்சென்று விழித்துக்கொண்டது.

"ஏன் மாமா, அது தூங்குனா உங்களுக்கென்ன?"

"தூங்கக் கூடாதும்மா. ஆபீஸ் உத்தரவு."

இன்ஷிராஹுக்கு வயிறு எரிந்தது. அவள் வீட்டில் காசு ஏற்றிய கார்டை மீட்டரில் சொருகினால்தான் கரண்ட். கார்டு தீர்ந்தால் ஃபேன் நின்றுவிடும். டி.வி.யைத் திறந்தால், தேவையில்லாத விளக்கை அணையுங்கள் என்று அரசாங்கத்தின் உபதேசம் வேறு. இங்கேயோ இந்த மகாராசன் எந்தக் காபிக் கடையில் ஹுக்கா இழுத்துக்கொண்டிருக்கிறானோ, கம்ப்யூட்டர் பாட்டுக்கு ஓடுகிறது!

"உங்கப்பன் வீட்டுக் கரண்டா இது?" என்று வாய்விட்டே கேட்டாள். எழுந்து போய் பொத்தானை அழுத்திப் பிடித்தாள். திரை கறுத்தது. வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

முக்காட்டைச் சரிசெய்துகொண்டே வந்த நவால் அம்மாள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"யா அல்லாஹ்! எவ நிறுத்துனது?"

"நான்தான். ஆளில்லாம எதுக்கு ஓடணும்?"

நவால் அம்மாள் தலையில் கைவைத்துக்கொண்டு பொத்தென்று உட்கார்ந்தாள். "பாவி மகளே! அதோட பாஸ்வேர்டு அந்த சீட்டு ஃபிக்ரி சாருக்கு மட்டுந்தான் தெரியும். புதுசு கேட்டு மேலிடத்துக்கு எழுதி எழுதிக் கை ஓஞ்சு போச்சு. அவர் திறந்து வச்சதை அணைக்காமத்தானே இத்தனை நாளா ஓட்டிக்கிட்டிருந்தோம்!"

"அப்போ அவரைக் கூப்பிடுங்க மேடம்! எனக்கு நாளைக்கு ஃப்ளைட்டு!"

"அவர் போன நோன்பு மாசமே மவுத்தாகி மண்ணுக்குள்ள போயிட்டாரும்மா."