ஒருத்திக்கு ஒரு பஸ்

"இன்னைக்கும் ஜெயிலுக்கா டாவினா? விடுதலை எப்போ?"

பள்ளி மாடி ஜன்னலிலிருந்து கத்தினான் ஒருவன். பின்னால் நாலைந்து பேர் சிரிப்பது கேட்டது. டாவினா நிமிர்ந்து பார்க்கவில்லை. பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வாசலில் உறுமிக்கொண்டு நின்ற மஞ்சள் பஸ்ஸில் ஏறினாள்.

"அவனுங்க கிடக்கறானுங்க, விடு," என்றார் டிரைவர் ரஃபஸ், கதவை இழுத்து மூடியபடி. "முன்னாடியோ பின்னாடியோ, மகாராணிக்கு எது பிடிக்குதோ அங்க உக்காருங்க."

அத்தனை சீட்டும் காலி.

"ஒரு பொண்ணைக் கூட்டிட்டுப் போக இவ்ளோ பெரிய வண்டி! குட்டி வேன் போதாதான்னு ஆபீஸ்ல கேட்டேன். பெரிய வண்டிக்குத்தான் உத்தரவுன்னு சொல்லிட்டாங்க. அவங்க கணக்கு அவங்களுக்கு."

டாவினா சிரிக்க முயன்றாள். வரவில்லை.

அவள் எந்தத் தப்பும் செய்யவில்லை. எட்டாம் வகுப்பிலேயே அல்ஜீப்ரா சொல்லித் தரும் விரைவுக் கணித வகுப்பு, ஆற்றுக்கு வடக்கே இருக்கும் பள்ளியில்தான் உண்டு. தெற்குக் கரையிலுள்ள அவள் பள்ளியில் அப்படி ஒன்று கிடையாது. போன வசந்தத்தில் வைத்த தேர்வில் தேறியதால், காலையில் பாலம் தாண்டிப் போய் அந்த வகுப்பில் உட்கார்ந்துவிட்டுத் திரும்ப வேண்டும்.

தேர்வு முடிந்த பிறகு ஆலோசகர் மிஸ் ஹாலோவே அவளைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசியிருந்தார். "நம்ம ஸ்கூல்லேர்ந்து நீ ஒருத்திதான் கண்ணு. அங்க தெரிஞ்ச முகம் ஒண்ணுகூட இருக்காது. நல்லா யோசிச்சுக்கோ. வேண்டாம்னாலும் யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. வெளிய மட்டும் சொல்லிக்காதே, மத்த பிள்ளைங்க மனசு நோகும்."

ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை பார்க்கும் அம்மாவிடம் சொன்னபோது, அவள் யோசிக்கவே இல்லை. "முகம் தெரியலைன்னா என்னடி? கணக்கு தெரியும்ல? போ."

போனாள். முதல் நாள் வகுப்பு வாசலில் நின்ற பையன், "சாதா கணக்கு வகுப்பு கீழ்த் தளத்துல இருக்கு," என்று வழி காட்டினான். உதவிதான் செய்தான். அவளுக்குத்தான் காது சுட்டது.

அதன் பிறகு அங்கே யாரும் அவளிடம் கடுமையாகப் பேசியதில்லை. பேசியதே இல்லை. குழுவாகச் சேருங்கள் என்று ஆசிரியர் சொன்னதும் நாற்காலிகள் கரகரவென்று நகரும். சத்தம் ஓய்ந்த பிறகு பார்த்தால், அவள் நாற்காலி மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

இன்றைக்கும் அதுதான். "டாவினா, நீ எந்தக் குழு?" என்று ஆசிரியர் கேட்டபோது அத்தனை தலையும் திரும்பியது. கரும்பலகையில் இருந்த கணக்கை அவள் எப்போதோ போட்டு முடித்திருந்தாள். அதைக் காட்ட ஆள்தான் இல்லை.

திரும்பி வரும்போது இங்கே சாப்பாட்டு நேரம் முடிந்து, மேஜைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். ஆறிப்போன பீட்சாவைத் தனியாக உட்கார்ந்து மென்றாள்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஷெரீஸ் பேசாமல் இருப்பதைத்தான் தாங்க முடியவில்லை. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு, ஞாயிறுதோறும் ஒருத்தி முடியை ஒருத்தி பின்னிவிடுவது என்று வளர்ந்தவர்கள். பஸ் வந்த முதல் நாளிலிருந்து ஷெரீஸ் அவள் முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை.

மாலையில், விளையாட்டுக் கூடத்துப் படிக்கட்டில் ஷெரீஸ் சிப்ஸ் கொறித்துக்கொண்டிருந்தாள். டாவினா போய் இரண்டு படி தள்ளி உட்கார்ந்தாள்.

"நாளையிலேர்ந்து நான் போகல."

"ஏன், மேடத்துக்கு அங்க மரியாதை குறைஞ்சிடுச்சா?"

"அங்க யாரும் பேச மாட்டேங்கறாங்க. இங்க நீயும் பேச மாட்டேங்கற. எனக்குப் போதும்டி. மிஸ் ஹாலோவேகிட்ட சொல்லிட்டு நின்னுடறேன்."

ஷெரீஸ் சட்டென்று திரும்பினாள். கண் சிவந்திருந்தது. "என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா நீ? நீ பஸ்ல ஏறும்போதுதான் எனக்கே தெரியும். வேத்து ஆளு மாதிரி நின்னு பாத்துட்டிருந்தேன்."

"சொல்லக் கூடாதுன்னு சொன்னாங்க."

"யாரு?"

"மிஸ் ஹாலோவேதான். நம்ம ஸ்கூல்ல தேறினது நான் ஒருத்திதானாம். வெளிய சொன்னா மத்த பிள்ளைங்க மனசு நோகுமாம். உன் மனசு நோகக் கூடாதுன்னுதான்டி நான் வாயைத் திறக்கல."

ஷெரீஸின் கை பொட்டலத்துக்குள்ளேயே நின்றுவிட்டது. கீழே பஸ்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பிக்கொண்டிருந்தன. அவள் டாவினா பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். முகத்தில் இருந்த கோபம் எங்கோ போயிருந்தது.

"நான் வேண்டாம்னு சொன்னதால காலியான இடத்துக்குத்தான் உன்னைக் கூப்பிட்டாங்கன்னு நினைச்சேன்," என்றாள் மெல்ல. "உன்னை விட்டுட்டுப் போக எனக்கு மனசு வரல. நீ மட்டும் எப்படிப் போனேன்னுதான் கோவம்."

"நீ எதை வேண்டாம்னு சொன்னே?"

ஷெரீஸ் சிப்ஸ் பொட்டலத்தைப் படியில் வைத்தாள்.

"அந்தக் கணக்கு வகுப்பைத்தான். மிஸ் ஹாலோவே என்கிட்டயும் 'நீ ஒருத்திதான்'னுதான்டி சொன்னாங்க."