வெள்ளை ஸ்டிக்கர்

ஒரகடத்தில் கார் கதவுக்குக் கைப்பிடி செய்யும் சிறிய தொழிற்சாலையில் சரக்கை லாரியில் ஏற்றி அனுப்பும் டிஸ்பாட்ச் பகுதி. திருநெல்வேலிக்காரி செல்வலட்சுமி போனைத் தோளில் இடுக்கியபடி நிற்கிறாள். பெட்டிகளில் ஒட்டும் பார்கோடு ஸ்டிக்கரை அச்சடிக்கிற பிரிண்டர், காலையில் சாப்ட்வேர் அப்டேட் ஆனதிலிருந்து எழுத்தே இல்லாத வெள்ளை ஸ்டிக்கராகத் துப்புகிறது. அந்த ஸ்டிக்கர் அவள் காலடியில் சுருள்சுருளாகக் குவிகிறது. திறந்த ஷட்டர் வழியே வரும் பதினோரு மணி வெயில் அதில் பட்டுக் கண் கூசுகிறது. லாரியை உறுமவிட்டபடி டிரைவர் அண்ணாதுரை எட்டிப் பார்க்கிறார். "இன்னாம்மா, பன்னெண்டுக்குள்ள போவலன்னா அங்க கார் கம்பெனில லைன் நின்னுடும்." போனில் சாப்ட்வேர் கம்பெனிக்காரன் நான்காவது முறையாகச் சொல்கிறான்: "எங்க ஸ்கிரீன்ல எல்லாம் பச்சையாத்தான் இருக்கு மேடம்." "இங்க வெள்ளையா வருதுன்னு எத்தன தடவ சொல்லுதேன்? நீங்களே கேளுங்க." போனை பிரிண்டர் பக்கத்தில் பிடிக்கிறாள். கிர்ரென்று இன்னொரு வெள்ளை ஸ்டிக்கர் வெளியே வருகிறது. "பிரிண்ட் ஆகுற சத்தம் நல்லாவே கேக்குது மேடம்," என்று நிம்மதியாகச் சொல்லிவிட்டு அவன் போனை வைக்கிறான். உடனே கம்ப்யூட்டரில் மெயில் வந்து விழுகிறது. 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?' செல்வலட்சுமி தரையில் கிடக்கும் ஸ்டிக்கரைக் கிழித்தெடுக்கிறாள். மார்க்கர் மூடியைப் பல்லால் கழற்றி, முதல் பெட்டியின் எண்ணைக் கையாலேயே எழுதி ஒட்டுகிறாள். "பார்கோடு இல்லன்னா கேட்டாண்டயே திருப்பிடுவாங்கம்மா," என்கிறார் அண்ணாதுரை. "தெரியும்ணே. சும்மா நிக்க முடியலல்லா," என்றபடி அவள் அடுத்த பெட்டிக்கு நகர்கிறாள்.